மாதிரிக் கால்

என் கால் அளவு எட்டு. அதில் என் தப்பு எதுவும் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மலைப்பாதைத் துறையில் நான் தபால் பிரிவு எழுத்தர். துறைக்கு ஒரு மலை உண்டு. அந்த மலையில் தினமும் நடந்து, சரிந்த கல்லை நகர்த்தி, விழுந்த மரத்தை வெட்டி, வழி தப்பினவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வரும் பாதைக்காவலர்கள் நாற்பத்திரண்டு பேர் உண்டு. அவர்கள் சரியாக நடக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளத் தலைமை அலுவலகத்தில் நாங்கள் நூற்றுப்பத்துப் பேர். மலை எங்கள் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். கண் கூசுகிறது என்று திரை போட்டிருக்கிறோம்.

நாற்பத்திரண்டு பேரில் ஒருவர் என் அத்தான். அக்காவின் கணவர். பத்தொன்பது வருஷமாக நடக்கிறார். அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருக்கிறேன். சாப்பாடு கீழே, அக்கா கையால். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக் கூடாது என்பார்கள். நான் செய்தது அந்த வீட்டுக்குத்தான்.

ஆரம்பம் ஒரு புகைப்படம். ஒரு பாதைக்காவலர், கால் ஒடிந்த பெரியவர் ஒருவரை முதுகில் சுமந்து மழையில் இறங்கி வருகிறார். ஆண்டறிக்கையின் அட்டைக்கு அதைப் போடலாம் என்று எடுத்துப் போனார்கள். இயக்குநர் படத்தை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டதாகக்கூட எங்கள் கண்காணிப்பாளர் நினைத்தாராம்.

"இந்த பூட்ஸ் யாரோடது?" என்று கேட்டார் இயக்குநர்.

"நம்ம துறை குடுத்ததுதான் சார்."

"இதைப் போட்டுக்கிட்டா நம்ம துறையோட பேரைச் சுமக்கறாங்க?"

அந்த பூட்ஸுக்குக் காவலர்கள் வைத்திருந்த பெயர் எருமை. சேற்று நிறம், கணுக்காலுக்கு மேலே வரும் உயரம், விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் பள்ளமாய் வெட்டிய தடித்த அடி. அழகு என்பது அதன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அத்தான் ஒருமுறைகூட மலையில் விழுந்ததில்லை. வீட்டுக் குளியலறையில் இரண்டு முறை விழுந்திருக்கிறார், வெறுங்காலில்.

மறுவாரமே 'காலணித் தேர்வு உயர்மட்டக் குழு' அமைந்தது. இயக்குநர் தலைவர். எங்கள் கண்காணிப்பாளர் செயலர். வெளியிலிருந்து தோற்ற ஆலோசகர் என்று ஒருவர் வந்தார். அவர் கண்ணாடியைத் தலைமேல்தான் போட்டிருப்பார், கண்ணில் போட்டு நான் பார்த்ததில்லை.

துறையின் விதிப்புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. எந்தக் காலணியையும் வாங்குவதற்கு முன் ஒரு 'மாதிரிக் கால்' அதை அணிந்து நடந்து பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். காவலர்களில் ஒருவரையே கூப்பிடலாமே என்று யாரோ கேட்டதற்குக் கண்காணிப்பாளர் குறிப்பு எழுதினார்: 'மேற்படி கால்கள் மலையில் நடந்து பழகியவை. ஆகவே அவற்றிடம் நடுநிலையை எதிர்பார்க்க இயலாது.' மலையையே மிதிக்காத கால் வேண்டும். மாதிரி பூட்ஸ் எட்டாம் நம்பரில்தான் வரும் என்பதால் அந்தக் கால் எட்டாகவும் இருக்க வேண்டும். கண்காணிப்பாளர் ஒரு நாள் முழுக்க எல்லா மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். என் மேஜை வந்ததும் நிமிர்ந்து, என் கையைக் குலுக்கினார். எனக்கு உத்தரவு வந்தது: 'தாங்கள் தங்கள் இரு கால்களுடன் காலை பதினோரு மணிக்கு ஆஜராகவும்.'

அன்று சாயங்காலம் உத்தரவை அத்தானிடம் காட்டினேன். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவருக்கு அதைவிடச் சந்தோஷம்.

"நம்ம வீட்டு ஆளே போட்டுப் பாக்கப் போறியா? நல்லதாப் போச்சு மாப்ளே. கவனமாக் கேட்டுக்கோ. காலையில போட்டுப் பாக்காதே. நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கணும், சாயங்காலம்தான் உண்மை தெரியும். தடி சாக்ஸ் போட்டுக்கோ. ஏறிப் பாத்து ஏமாந்துடாதே. ஏறும்போது எந்தச் செருப்பும் ஏறிடும். இறங்கணும். இறங்கும்போது பெருவிரல் முன்னாடி போய் இடிச்சா அந்த பூட்ஸ் வேண்டாம். குதிகால் உள்ளுக்குள்ள தூக்கிக்கிட்டு வந்தாலும் வேண்டாம்."

தன்னுடைய தடி சாக்ஸைத் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தார். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் எந்தச் சாமியிடமும் சொல்ல முடியாது.

குழு அறையில் கணுக்கால் புதையும் கம்பளம். நான் உள்ளே போனதும் இயக்குநர், "வாங்க, உக்காருங்க" என்றார். பதினோரு வருஷ வேலையில் என்னை அந்தக் கட்டடத்தில் யாரும் உட்காரச் சொன்னதில்லை. டீ வந்தது. எனக்கும் பீங்கான் கோப்பையில் வந்தது. என் கதை அங்கேயே முடிந்துவிட்டது. மீதியெல்லாம் சடங்கு.

மேஜைமேல் இரண்டு ஜோடி. முதலாவது எருமையின் தம்பி. அதே உருவம், இன்னும் நல்ல அடி. இரண்டாவது டீ நிறத்தில் பளபளவென்று இருந்தது. கூர்மூக்கு, பக்கத்தில் ஜிப், அரை அங்குலம் தூக்கிய குதி. அடியைத் திருப்பிப் பார்த்தேன். பள்ளம் எதுவும் இல்லை. வழவழப்பான பரப்பில் துறையின் முத்திரை மட்டும் அழகாகச் செதுக்கியிருந்தது.

"இதுதான் இதோட விசேஷம்" என்றார் தோற்ற ஆலோசகர். "ஒவ்வொரு அடிக்கும் உங்க முத்திரை மலையில பதியும். சாயங்காலத்துக்குள்ள மலை முழுக்க உங்க கையெழுத்து."

இயக்குநர் நெகிழ்ந்துபோனார்.

"தடி சாக்ஸ் கொண்டுவந்திருக்கேன் சார்" என்றேன் மெதுவாக.

"வேண்டாம். ஷேப் கெட்டுடும்" என்றார் ஆலோசகர்.

முதலில் எருமையின் தம்பியைப் போட்டேன். யாரோ தெரிந்தவர் காலைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கம்பளத்தில் பத்தடி நடந்தேன். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பது அதுதான். பிறகு பளபளப்பைப் போட்டேன். முதல் அடியிலேயே சுண்டுவிரல் மடங்கியது, குதிகால் நழுவியது.

அடுத்தது சரிவுச் சோதனை. மலைக்குப் போய்வர வண்டி இல்லாததால் மலையை உள்ளேயே செய்தார்கள். அறிவிப்புப் பலகை ஒன்றைக் கழற்றி, ஒரு முனையை ஆறு கோப்புகள்மேல் சாய்த்து வைத்தார் கண்காணிப்பாளர். ஈரப்பதத்துக்காகப் பூ ஜாடியிலிருந்த தண்ணீரைத் தெளித்தார். எருமையின் தம்பியோடு ஏறி இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. பளபளப்போடு ஏறினேன். இறங்குகிறபோது வழுக்கி, நேராக ஆலோசகர் மடியில் போய் உட்கார்ந்தேன்.

எல்லோரும் கண்காணிப்பாளரைப் பார்த்தார்கள். அவர் குறிப்பேட்டில் எழுதினார்: 'கோப்புகள் சரிவர அடுக்கப்படாமையால் மலை நகர்ந்தது.' நான்கு கோப்புகளை எடுத்துவிட்டார். இரண்டு கோப்பு உயர மலையில் நான் மறுபடி ஏறி இறங்கினேன். விழவில்லை. கைதட்டினார்கள்.

"இப்ப சொல்லுங்க. எப்படி இருக்கு?" என்றார் இயக்குநர்.

அறையில் எல்லா முகமும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் வலித்துக்கொண்டே இருந்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நல்லா இருக்கு சார்" என்றேன்.

"அந்தப் பழைய மாதிரி?"

அதை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. போகிறபோக்கில் கேட்டதுதான். நானாகத்தான் சொன்னேன்: "கொஞ்சம் கனம் சார்."

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். 'மாதிரிக் கால்கள் இரண்டும் ஒருமனதாகத் தேர்வு செய்தன' என்று எழுதியிருந்தது.

வழங்கும் விழாவில் இயக்குநர் பேசினார். "எல்லாரும் மலைக்கு ஏத்த மாதிரி பூட்ஸ் போட்டாங்க. நாமதான் முதல் முறையா படத்துக்கு ஏத்த மாதிரி பூட்ஸ் போடறோம்" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார். காவலர்கள் வரிசையில் வந்து எருமையைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டார்கள். பழையதை யாரும் திருட்டுத்தனமாகப் போட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே நாற்பத்திரண்டு ஜோடியையும் நடுவில் வெட்டிப் போட்டார்கள்.

அத்தான் வீட்டுக்கு வந்து, புது பூட்ஸைத் திருப்பிக் கட்டைவிரலால் அடியைத் தேய்த்துப் பார்த்தார்.

"வழவழன்னு இருக்கே மாப்ளே."

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ போட்டுப் பாத்துச் சொன்னதாமே? இறங்கியும் பாத்தியா?"

"பாத்தேன் அத்தான்."

"அப்ப சரி. புதுசுல அப்படித்தான் இருக்கும்போல" என்று சொல்லி லேசாகச் சிரித்துவிட்டு பூட்ஸை வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நம்மை நம்பினால் போதும்.

முதல் வாரம் கொப்புளம். இரண்டாவது வாரம் அது உடைந்தது. மூன்றாவது வாரம் இடது பெருவிரல் நகம் கறுத்துக் கழன்றது. சாயங்காலம் அத்தான் முற்றத்தில் உட்கார, அக்கா வெந்நீரில் உப்புப் போட்டு அவர் காலை முக்கி வைப்பாள்.

"பூட்ஸு சரியில்லையா?" என்று கேட்டாள் ஒருநாள்.

"பூட்ஸு நல்ல பூட்ஸுதான். உன் தம்பி பாத்துச் சொன்னது. என் காலுக்குத்தான் வயசாச்சு" என்றார் அத்தான்.

நான் மாடிக்குப் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். அதன்பிறகு சாப்பிடக் கீழே இறங்குவதே எனக்குத் தண்டனை ஆயிற்று. ஆனாலும் ஒருவேளைகூடச் சாப்பிடாமல் இருக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மலையிலிருந்து புகார்கள் வந்தன. தபால் பிரிவு என்பதால் எல்லாம் என் கை வழியாகத்தான் போயின. துறை சும்மா இருக்கவில்லை, புகாருக்கென்று படிவம் அச்சடித்தது. அதில் 'காலின் குறை என்ன?', 'அக்குறை பிறவியிலேயே உள்ளதா?', 'குறையைக் களையக் கால் எடுத்த முயற்சிகள் யாவை?' என்று மூன்று கேள்விகள். பூட்ஸைப் பற்றி எழுத இடம் இல்லை. முப்பத்தெட்டுப் படிவங்கள் நிரப்பி வந்தன. அவற்றை வைத்துத் துறை ஒரு முடிவுக்கு வந்தது: பூட்ஸ் பற்றி ஒரு புகார்கூட இல்லை, காவலர்களின் கால்கள்தான் கவலைக்கிடமாக இருக்கின்றன.

எனவே நடைப்பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். நாற்பத்திரண்டு பேரையும் மலையிலிருந்து இறக்கிக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். மாதிரிக் கால் என்ற முறையில் நான் மேடை ஓரத்தில் உட்கார வேண்டியிருந்தது. அத்தான் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவ்வளவு பேருக்கு நடுவில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லவும் செய்தார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "சிலர் வழுக்குதுன்னு சொல்றாங்க. ஆனைக்கும் அடி சறுக்கும்னு நம்ம பெரியவங்களே சொல்லியிருக்காங்க. ஆனை பூட்ஸ் போட்டிருந்துச்சா? இல்ல. அப்ப சறுக்கறதுக்கும் பூட்ஸுக்கும் என்ன சம்பந்தம்? யோசிக்கணும். நானும் இதே பூட்ஸைத்தான் மூணு மாசமாப் போடறேன். ஒரு தடவைகூட வழுக்கல. வீட்டு வாசல்ல கார், ஆபீஸ் வாசல்ல லிஃப்ட். நடுவுல எங்கேயாவது வழுக்கிச்சா? இல்ல. ஒழுங்கா நடந்தா எதுவும் வழுக்காது."

நாற்பத்திரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வரிசையாக எழுந்து, நொண்டிக்கொண்டே கலைந்தார்கள். 'பயிற்சிக்குப் பின் நடையில் குறிப்பிடத்தக்க மாற்றம்' என்று கண்காணிப்பாளர் எழுதிக்கொண்டார்.

மழை தொடங்கிய நான்காம் நாள், பாறையில் வெட்டிய படிக்கட்டில் இறங்கும்போது அத்தான் வழுக்கினார். வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கூட இருந்த நான்கு காவலர்கள், தாங்களும் விழுந்துவிடாமல் இருக்கத் தங்கள் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலில் நான்கு மணி நேரம் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சீருடை விதியை மீறியதற்காக அந்த நால்வருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அந்தக் கடிதங்களுக்கு உறை ஒட்டியவன் நான்.

விசாரணை வைத்தார்கள். விசாரித்தது அதே குழு. அலுவலகத்தில் எல்லோருக்கும் முடிவு முன்பே தெரிந்திருந்தது: ஊழியரின் கவனக்குறைவு. அப்படி எழுதினால் அத்தானுக்கு மருத்துவ விடுப்பு கிடையாது, கால் சரியானாலும் காவலர் வேலை கிடையாது. அதற்குத் தேவை ஒரே ஒரு கையெழுத்து. கண்காணிப்பாளர் தட்டச்சு செய்த தாளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். 'மேற்படி பூட்ஸ் சரிவிலும் ஈரத்திலும் வழுக்காது என்பதை மாதிரிக் கால் மீண்டும் உறுதி செய்கிறது.'

"உங்க அத்தான்னு தெரியும். சொந்தம் வேற, கால் வேற. கலக்காதீங்க" என்றார் அக்கறையாக.

அன்று மருத்துவமனைக்குப் போனேன். அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே இடது கால் தெரிந்தது. அந்தப் பாதம் முழுக்கக் காய்ப்பும் வடுவுமாக இருந்தது. அவர் விழிப்பதற்குள் வந்துவிட்டேன்.

மறுநாள் கையெழுத்துப் போடாத அந்தத் தாளோடு குழு முன்னால் நின்றேன். அன்றைக்கும் உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"அந்த பூட்ஸ் வழுக்கும் சார். அன்னைக்கே வழுக்குச்சு. விரல் வலிச்சுது. நல்லா இருக்குன்னு நான் பொய் சொன்னேன்."

கண்காணிப்பாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"பொய் சொன்னது நீங்களா, உங்க காலா?" என்று கேட்டார் இயக்குநர். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நான்தான் சார். கால் அப்பவே உண்மையைச் சொல்லிடுச்சு."

இது பெரிய சட்டச் சிக்கல் ஆகிவிட்டது. உத்தரவு என் கால்களுக்குத்தான் போட்டிருந்தார்கள். என் வாயை யாரும் நியமிக்கவில்லை. நியமிக்கப்படாத வாய் சொன்னதை வைத்து நாற்பத்திரண்டு ஜோடி பூட்ஸ் எப்படி வாங்கினோம் என்று யாராவது கேட்டால் என்ன செய்வது? ஆலோசகர் முதல் முறையாகக் கண்ணாடியைக் கண்ணில் இறக்கிப் போட்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

இரண்டு மணி நேரம் கழித்து முடிவு வந்தது. பூட்ஸ் மீது குறை இல்லை. அது மாற்றமின்றித் தொடரும். குழு மீது குறை இல்லை. அது நம்பிக்கையோடு செயல்பட்டது. ஊழியர் மீதும் குறை இல்லை. அவர் தவறாக வழிகாட்டப்பட்டார். குற்றம் முழுவதும் மாதிரிக் கால் மீது. என் பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார்கள்: 'இவருடைய கால்கள் நம்பத்தக்கவை அல்ல.' கண்காணிப்பாளர் அன்று மாலையே வேறு எட்டாம் நம்பர் தேடி மேஜைகளுக்கு அடியில் குனியத் தொடங்கிவிட்டார்.

ஆனால் அத்தானுக்கு விடுப்பு உண்டு, சிகிச்சை உண்டு, வேலையும் உண்டு. உத்தரவின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அவரை அன்றுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். மனத்திலிருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பாராட்டைக்கூட எதிர்பார்த்தேன்.

அவர் கட்டிலில் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பீங்கான் கோப்பை, இரண்டு கோப்பு மலை, 'கொஞ்சம் கனம் சார்', இன்றைக்கு இயக்குநர் முகத்துக்கு நேரே சொன்னது, எதையும் விடவில்லை. உத்தரவை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதைப் பிரிக்கவில்லை. கட்டிலில் பக்கத்தில் வைத்தார்.

"பெரிய ஆபீசருங்க கேக்கும்போது பயம் வரும் மாப்ளே. அதை நான் தப்புன்னு சொல்லல. எனக்கும் வரும்" என்றார். கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, "ஆனா வீட்டுக்கு வந்து எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே. பாறைப்படி வரும்போது நானும் பூட்ஸைக் கழட்டிட்டு இறங்கியிருப்பேன்" என்றார்.

குழுவிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வேண்டும், அது என்னிடம் இல்லை என்றுதான் நான்கு மாதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இவரிடம் சொல்வதற்குத் தைரியமே தேவைப்பட்டிருக்கவில்லை.

அக்கா இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். மற்றொன்றை மேஜைமேல் எனக்கு வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.